முன் ஹூக் கட்சி

இனிமேல் எனக்கு யாரும் ஜாக்கெட் தைத்து அனுப்ப வேண்டாம். சொந்தபந்தம், சிநேகிதம், கல்யாண வீட்டார் எல்லாருக்கும் சேர்த்துப் பத்திரிகை மூலமாகவே சொல்லிக்கொள்கிறேன். புடவை எடுத்துக் கொடுங்கள், மறுக்க மாட்டேன். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா போட்டுக் கொடுங்கள், அதையும் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறேன். ஜாக்கெட் மட்டும் வேண்டவே வேண்டாம். போன வாரம் வந்தது இன்னும் பீரோ கைப்பிடியில் தொங்குகிறது. ஃபேன் போட்டால் அதன் குஞ்சம் ஆடுகிறது. குஞ்சத்தில் மணி வேறு.

இன்றைக்கு நரையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அறுபது தாண்டிய பெண்களில் பாதிப் பேர் ஏன் டை அடிப்பதை விட்டோம், மீதிப் பேர் ஏன் விடவில்லை என்பதற்கு யாரும் வெளியே சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. சொன்னால் சில வீடுகளில் சண்டை வரும். வரட்டும், சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்த ஜாக்கெட் கதையை இரண்டு வரியில் முடித்துவிட்டு வருகிறேன்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முன்பெல்லாம் முதல் பத்திரிகையைப் பிள்ளையாருக்கு வைப்பார்கள். இப்போது முதல் வேலை வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது. பெண்களுக்கென்று தனிக் குழு. ரிசப்ஷனுக்கு யார் என்ன நிறத்தில் வரவேண்டும் என்று அதில் ஒரு பட்டியல். பெண்ணின் தோழிகள் லாவண்டர். அக்கா தங்கை முறை உள்ளவர்கள் மின்ட் பச்சை. கடைசி வரியில் "எல்டர்ஸ்", அதற்கு நேராக பீச். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெரியவர் பதவி கொடுத்து, யூனிஃபார்மையும் கையோடு கொடுத்துவிட்டார்கள்.

பீச் என்றால் என்ன நிறம் என்று தெரிந்துகொள்ளக் கடைக்குப் போனேன். கடைக்குக் கடை வேறொன்றை எடுத்துப் போட்டார்கள். எங்கள் காலத்தில் கவுண்டரில் நின்று நிறத்தைச் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் புடவை பிரிந்து விழும். அரக்கு, மயில் கழுத்து, மாந்துளிர், கத்திரிப்பூ, வாடாமல்லி, வெங்காயச் சருகு, பொடிக் கலர், காப்பிக்கொட்டை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்றே பெயர் நிலைத்து, இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் விற்பனைப் பையன் திருதிருவென்று முழிப்பதில்லை. பீச்சும் லாவண்டரும் மின்ட்டும் எனக்குத் தெரிந்தவரை சாயம் போன பிறகு துணிக்கு வரும் நிறங்கள். எங்கள் நிறத்துக்கு பீச் கட்டிக்கொண்டு மண்டபத்துச் சுவர் பக்கத்தில் நின்றால், நாளைக்கு ஆல்பத்தில் புடவை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அங்கங்கே தலை மட்டும் இருக்கும்.

சரி, நிறத்தை விடுங்கள். நிறத்தோடு நான் சமாதானமாகப் போயிருப்பேன்.

"அத்தை, உங்க அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுத்து விடுங்க. பிளவுஸ் எல்லாருக்கும் ஒரே டிசைன். சென்னையில ஒரு டிசைனர்கிட்ட குடுக்கிறோம்" என்றாள் அண்ணன் மகள். இருப்பதிலேயே நல்லதைக் கொடுத்து அனுப்பினேன். ரூபியா துணி. அக்குளில் சுருக்கம் விழாது. எட்டாத தட்டிலிருந்து அரிசி டின்னை இறக்கினாலும் இடுப்பைவிட்டு மேலே ஏறாது. பிரித்துத் தைப்பதற்கு உள்ளே தாராளமாக மார்ஜின். முன்பக்கம் ஹூக்.

ரிசப்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தது. வேண்டுமென்றேதான் அந்த நேரம். முன்னாலேயே கொடுத்தால் நாம் மாற்றிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்னால் இருக்க வேண்டியதெல்லாம் பின்னால் இருந்தது. முன்பக்கம் கழுத்தெலும்பு வரைக்கும் ஏறிய போட் நெக், ஒரு திறப்பு கிடையாது. பின்பக்கம் மேலே ஒரு கயிறு. அதற்குக் கீழே வெற்றிலை வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ஹூக் வரிசை. ஓட்டையின் இரண்டு பக்கமும் ஆரி ஒர்க்கில் பக்கத்துக்கு ஒரு யானை, துதிக்கையில் தாமரை, கண்ணுக்குக் கல். இத்தனை வேலைப்பாடும் எனக்குத் தெரியாத இடத்தில். பந்தியில் என் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்பவர், நான் எப்போது ரசத்துக்கு வருவேன் என்று காத்திருக்கும் நேரத்தில் பார்த்து ரசிப்பதற்காக இரண்டு யானைகள். சாய்ந்து உட்காரலாம் என்றால் யானை குத்துகிறது.

இதை எப்படிப் போட்டுக்கொள்வது என்பதற்கு வருவோம். நரை எங்கேயும் போய்விடாது.

முதலில் தனியாக முயன்றேன். பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் ஹூக் தெரிகிறது. ஆனால் கண்ணாடியைப் பிடித்த கை ஹூக் போட வராது. கண்ணாடியை வைத்துவிட்டால் ஹூக் தெரியாது. தடவிப் பார்த்துப் போடலாம் என்றால் விரலுக்கு யானையின் கண் அகப்படுகிறது, ஹூக் அகப்படவில்லை. இடது கையைக் கீழேயிருந்து மேலாகவும், வலது கையை மேலேயிருந்து கீழாகவும் கொண்டுபோனால் இரண்டும் நடுவில் சந்திக்கும் என்று யோகா வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவை சந்தித்துக்கொள்ளும் நிலையில் இல்லை. ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டன.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கம்மா இருக்கு?"

"முதுகுல."

"முதுகு தெரியுது. ஹூக்கு?"

வெள்ளெழுத்துக் கண்ணாடி கிட்டத்தில் உள்ளதைக் காட்டும், தூரத்தில் உள்ளதைக் காட்டாது. ஜாக்கெட் ஹூக் இருப்பது இரண்டுக்கும் நடுவே. அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார், பின்னால் இழுத்தார், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். பிறகு கீழேயிருந்து ஆரம்பித்து நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே மேலே போனார். உச்சிக்குப் போனதும் நின்றுவிட்டார்.

"ஒண்ணு மிச்சம் வருதே."

"என்ன மிச்சம்?"

"இந்தப் பக்கம் வளையம் இருக்கு, அந்தப் பக்கம் ஹூக் இல்ல. டேலி ஆகலை. எங்கேயோ ஒரு இடத்துல தாண்டியிருக்கு. முதல்லேர்ந்து பார்ப்போம்."

எல்லாவற்றையும் கழற்றினார். மறுபடி போட்டார். இந்தத் தடவை ஹூக் மிச்சம், வளையம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கணக்கில் ஒரு பைசா விடாமல் கண்டுபிடித்தவர் என் முதுகில் ஏழு ஹூக்கில் மாட்டிக்கொண்டார். "டார்ச் எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார். அப்போதுதான் நிறுத்தச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் உடுத்திக்கொண்டு போகிற அளவுக்கு எந்தக் கல்யாணமும் முக்கியம் இல்லை.

கயிறு இன்னும் பாக்கி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதை எப்படி முடிவது என்று கேட்டார். "பூ முடிச்சு போடுங்க, இழுத்தா அவிழணும்" என்றேன். அவருக்குத் தெரிந்த ஒரே முடிச்சு, பழைய கோப்புகளைக் கட்டுவது. அது இழுத்தால் அவிழாது. அவிழக் கூடாது என்பதற்காகவே போடப்படுவது.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தோள்பட்டை இறுக்கம் என்று ஒரு உபத்திரவம் இருக்கிறது. 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் பெரும்பாலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். கையைத் தூக்குவதும் கஷ்டம், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது அதைவிடக் கஷ்டம். பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "கையைப் பின்னால கொண்டுபோய் ஹூக் போட முடியுதாம்மா?" அதாவது, எது முடியவில்லை என்றால் நோய் என்று வைத்தியம் சொல்கிறதோ, அதையே பெரியவர்களுக்கான டிசைன் என்று தைத்து அனுப்புகிறார்கள். என் வயதில் என்னோடு கோலாட்டம் ஆடியவர்களில் தோள் ஒழுங்காக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரலையும் மடக்கும்போது வலிக்கும்.

டிசைனருக்கே போன் போட்டேன். நல்ல பெண். குரலில் தேன் சொட்டியது.

"பேக் ஓபன்தான் ஆன்ட்டி இப்ப ட்ரெண்ட். ஃப்ரன்ட்ல ஹூக் வெச்சா லுக் போயிடும்."

"தனியா எப்படிம்மா போட்டுக்கிறது?"

"வீட்ல யாராவது இருப்பாங்கல்ல ஆன்ட்டி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இந்த இடத்தில்தான். யாராவது இருப்பார்களாம். என் சிநேகிதி ஒருத்தி, ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறாள். ரிட்டயர்டு டீச்சர். மகன் ஒரு கண்டத்தில், மகள் இன்னொரு கண்டத்தில். பிரம்ம முகூர்த்தத்தில் கல்யாணம் என்றால் மூன்று மணிக்கு எழுந்து, குளித்து, புடவை கட்டி, ஆட்டோ பிடித்து, ஜானவாசத்துக்கு வந்தவர்களே எழுந்திருக்காத நேரத்தில் மண்டபத்தில் போய் உட்காருவாள். மூன்று மணிக்கு அவள் யாரை எழுப்பி முதுகைக் காட்டுவது? வாட்ச்மேனையா? போட்டுக்கொண்டதுகூடப் போகட்டும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தபிறகு அவளை அதிலிருந்து யார் விடுவிப்பது? கட்டிக்கொள்ள ஓர் ஆள், அவிழ்க்க ஓர் ஆள் என்று ராணிகளுக்குத் தோழிகள் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கூப்பிடாமல் வருகிறவர் கூரியர்க்காரர் ஒருவர்தான். அவரும் இப்போது ஓடிபி கேட்டுவிட்டு வாசலோடு போய்விடுகிறார்.

இதை அண்ணன் மகளிடம் சொன்னால் அவள் சரித்திரம் பேசுகிறாள். "அந்தக் காலத்துக் கச்சுகூட பின்னாடி முடிச்சுப் போட்டதுதானே அத்தை? கோயில் சிற்பத்துல பாருங்க." பார்த்திருக்கிறேன். மதுரைக்காரியிடம் சிற்பம் காட்டுகிறாள். மீனாட்சியம்மன் கோயில் எதிரில் புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் கட்டிவைத்த தூண்களுக்கு நடுவில், வரிசையாகத் தையல் மெஷின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் பாவாடை சட்டையிலிருந்து கல்யாண ஜாக்கெட் வரைக்கும் தைத்துப் போட்டவள் நான். கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்போது துணியைக் கொடுத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, ஒரு சுற்று வளையல் கடை பார்த்துவிட்டு வந்தால் ஜாக்கெட் தயாராக இருக்கும். தூணில் யாளி நிற்கும், நாயக்கர் நிற்பார், அவர் பத்தினிகள் நிற்பார்கள். அத்தனை பேர் காலடியிலும் காஜா எடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர்களில் ஒருவர்கூட, "மேலே சிற்பத்தில் இருக்கிறபடி தைத்துத் தரட்டுமா?" என்று எந்தப் பெண்ணையும் கேட்டது கிடையாது. அவர்களுக்குத் தெரியும், அந்த அம்மாக்கள் கல். அவர்கள் அதை ஒருநாளும் அவிழ்க்க வேண்டியதில்லை.

ஜாக்கெட்டே அப்படி ஒன்றும் ஆதிகாலத்துச் சமாச்சாரம் இல்லை. தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி, 1860களில் கணவரோடு பம்பாய் போய், அங்கே பார்சிப் பெண்கள் உடுத்துவதைப் பார்த்து, ஜாக்கெட்டும் உள்பாவாடையும் போட்டுப் புடவை கட்டும் முறையை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன். நம் கிராமங்களுக்கு அது வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆயிற்று. 1979இல் வந்த 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி' படத்தின் கதையே, ரவிக்கை போடாத ஊருக்கு ரவிக்கை போட்ட பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டு வருவதுதான். சிவகுமாருக்கு அது நூறாவது படம். தியேட்டரில் அதைப் பார்த்த எங்கள் தெருக் கிழவிகள் பாதிப் பேர் ரவிக்கை இல்லாமல்தான் உட்கார்ந்து பார்த்தார்கள்.

எங்கள் அப்பத்தாவும் அந்த வகை. மேலூர்ப் பக்கம். காதில் தண்டட்டி தோளைத் தொடும். அப்பா கல்யாணத்துக்கு ஸ்டுடியோவில் குடும்ப போட்டோ எடுத்தபோது, சம்பந்தி வீட்டார் டவுன்காரர்கள் என்பதால், அப்பத்தாவுக்கும் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்து "மேல போட்டுக்கங்க" என்று கெஞ்சினார்களாம். போட்டோவில் அந்த ரவிக்கை இருக்கிறது. நான்காக மடித்து அப்பத்தாவின் தோள்மேல் இருக்கிறது. "மேல போடுங்கன்னுதானே சொன்னீக, போட்டுருக்கேன்ல." பிறகு பெரியப்பா பட்டணத்துக்குக் கூட்டிப்போனபோது, தண்டட்டியைக் கழற்றிவிட்டுத் தொங்கும் காதைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கிழவிகள் காதைத் தைத்துக்கொண்டிருந்தார்கள், பேரன் பேத்தி கேலி பண்ணுகிறார்கள் என்று. அப்பத்தா அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார். இப்போது எங்கள் அபார்ட்மென்ட்டில் ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பையன் ஒருவன் இரண்டு காதிலும் ஓட்டையைப் பெரிதுபண்ணி வளையம் மாட்டியிருக்கிறான். அப்பத்தா பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட யோசனை சொல்லியிருப்பார்.

நாங்கள் நாகரிகத்துக்கு விரோதிகள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்ததும் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று கடை கடையாக ஏறி இறங்கியது யார்? சரோஜாதேவி கை நீளத்துக்கு ஜாக்கெட் கேட்டு டெய்லரோடு மல்லுக்கு நின்றது எங்கள் அம்மாக்கள். பஃப் கை வைத்து, அதற்குள்ளே கேன்வாஸ் வைத்து, டவுன் பஸ்ஸில் ஒரு சீட்டில் ஒன்றரை சீட் பிடித்துப் போனது நாங்கள். ஸ்டிக்கர் பொட்டு வந்தபோது சாந்துப்பொட்டுப் புட்டியைத் தூக்கிப் போட்டோம். போடாதது எதுவும் பாக்கி இல்லை. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிலவற்றை வேண்டாம் என்கிறோம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒன்றை வேண்டாம் என்றால் அது அவள் ஸ்டைல். நான் வேண்டாம் என்றால் "அத்தைக்கு வயசாயிடுச்சு, அடம் பிடிக்கிறாங்க."

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. நல்ல கிளிப்பச்சையைக் கையில் எடுத்தால் போதும், "உங்க வயசுக்கு ஏத்த மாதிரி காட்டவாம்மா?" என்று சாம்பலும் சிமென்ட்டுமாக எடுத்துப் போடும் கடைக்காரர்கள். ஒருத்தர் யானை போட்ட முதுகோடு வா என்கிறார், இன்னொருத்தர் அதற்குள் காஷாயம் வாங்கு என்கிறார். நடுவில் ஒரு புடவை, ஒரு ஜாக்கெட், அதற்கு முன்னால் ஹூக் என்று கேட்கிற பெண்ணுக்கு ஊரில் இடம் இல்லை.

மறுப்பதிலும் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். நைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா "அது பாதிரியார் அங்கி" என்று வெகுகாலம் தொடவில்லை. முழங்கால் வலி வந்த பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தார். அப்புறம் அதைவிட்டு வெளியே வரவே இல்லை. மேலே ஒரு துண்டு போட்டுக்கொண்டால் காய்கறி வண்டி, பால் பூத், ரேஷன் கடை வரை செல்லும். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், 2018இல், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். அம்மா அங்கே இருந்திருந்தால் மாதப் பென்ஷன் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

சுடிதாரும் அப்படித்தான். "செத்தாலும் போட மாட்டேன்" என்று சபதம் போட்டவர்களை எல்லாம் ஒரு அமெரிக்க விசா மாற்றிவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாள், நியூ ஜெர்சியில் பனி என்றதும் கிளம்புகிற வாரத்தில் நான்கு செட் எடுத்தார்கள். ஆறு மாசம் கழித்து சுடிதார், வெள்ளை ஷூ, கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்து இறங்கினார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதார் போட்டுக்கொண்டு போனால் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகச் சொல்வார்கள். வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். அப்படிச் சுற்றிக்கொண்டு ஷூவைக் கழற்ற மறந்து நின்ற ஒருத்தியோடுதான் நான் தரிசனத்துக்குப் போனேன். ஆனால் இந்த அத்தனை பேரையும் கேட்டுப் பாருங்கள், நைட்டிக்கும் ஜிப் முன்னால், சுடிதாருக்கும் பட்டன் முன்னால். பின் ஹூக் விஷயத்தில் மட்டும் கட்சி பேதம் இல்லை.

ரிசப்ஷனுக்கு என்ன உடுத்தினேன் என்று கேட்பீர்கள். எம்.எஸ். ப்ளூதான், என் சொந்த ஜாக்கெட்டோடு. மண்டபத்தில் பெண்கள் அறையில் பியூட்டிஷியன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். புடவைகள் எல்லாம் முந்தின நாளே மடிப்பு வைத்து, அயர்ன் பண்ணி, பின் குத்தி, பெட்டிக்குள் தயாராக இருந்தன. ஒரு பெண் என் தலையைப் பார்த்தவுடன் "ஆன்ட்டிக்கு ஒரு மெஸ்ஸி பன் போட்டுடவா?" என்றாள். பக்கத்தில் ஒருத்திக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், பார்த்தேன். சீவி, சுருட்டி, ஸ்பிரே அடித்து, கொண்டை போட்டு, பிறகு அதிலிருந்து முடியை இங்கொன்றும் அங்கொன்றுமாக இழுத்துவிட்டார்கள். ஒரு மணி நேர வேலை, ஆயிரக்கணக்கில் கூலி. நான் காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது என் தலை அப்படித்தான் இருக்கும். தலை என்றதும் நரை ஞாபகம் வருகிறது. இதோ வந்துவிட்டேன், ஒரு நிமிஷம்.

குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். பீச் வரிசை மேடையில் ஏறியது. பதினோரு முதுகுகள், இருபத்திரண்டு யானைகள், எல்லாம் திரைச்சீலைப் பக்கம் திரும்பி நின்றன. அவ்வளவு யானையும் கேமராவுக்கே தெரியவில்லை என்பதை அங்கே யாரும் கவனித்ததாகக் காணோம். போட்டோகிராபர் என்னைப் பார்த்து, "ப்ளூ ஆன்ட்டி, நீங்க மட்டும் கொஞ்சம் ஓரமா வாங்க. ஃப்ரேம் டிஸ்டர்ப் ஆகுது" என்றார். தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்தில் நான் ஃப்ரேமை டிஸ்டர்ப் பண்ணுகிறேன். ஓரமாகத்தான் நின்றேன். ஆனால் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பீச்சில் வந்த என் நாத்தனார் அத்தனை நேரமும் நாற்காலியின் முன் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். பாதாம் அல்வாவை எடுக்கக் கை நீட்டியபோது முதுகில் ஒரு ஹூக் டப்பென்று விட்டது. அவர் மகள் பாய்ந்து வந்து சேப்டி பின் குத்தினாள். அதற்கப்புறம் அவர் எதற்கும் கை நீட்டவில்லை. வெற்றிலைகூடப் போடவில்லை.

கல்யாணம் முடிந்ததும் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு என் டெய்லரிடம் போனேன். நல்ல துணி, வீணாகக் கூடாது. பிரித்து முன் ஹூக் வைத்துவிடலாம் என்று கணக்கு. அவர் வாங்கி, விளக்கடியில் பிடித்து, உள்பக்கம் திருப்பி, லைனிங்கைத் தடவிப் பார்த்தார். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

"யாருக்கா இது தைச்சது? சுத்தமான வேலைக்கா."

"அதை விடுங்க. முன்னாடி திறந்து ஹூக் வெச்சுத் தாங்க."

"முடியாதுக்கா. பின்னாடி மூடினோம்னா ரெண்டு யானையும் மோதிக்கும். முன்னாடி வெட்டினோம்னா பட்டி வைக்கத் துணி இல்ல, மார்ஜினே விடலை. பிரிச்சுத் தைக்கிற கூலிக்கு நீங்க புதுசே தைச்சுரலாம்."

"சரி, புதுசு தைச்சுருங்க. முன் ஹூக்."

"தைச்சுருவோம். அளவு ஜாக்கெட் குடுத்துட்டுப் போங்க."

அளவு ஜாக்கெட் சென்னையில் இருக்கிறது. கொடுத்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. கடை வாசலில் நின்றபடியே டிசைனருக்கு மறுபடி போன் போட்டேன். ஞாபகமாகத்தான் வைத்திருந்தாள்.

"ஐயோ ஸாரி ஆன்ட்டி, நாளைக்கே கூரியர்ல போட்டுடறேன். பழசா இருந்தாலும் ஃபிட்டிங் சூப்பரா இருக்கு ஆன்ட்டி, உங்க டெய்லர் யாரு? அனுப்புறப்ப அதுக்கும் பின்னாடி ஒரு ரோப் வெச்சு, குஞ்சம் கட்டி அனுப்பட்டுமா? உங்களுக்கு ஃப்ரீயாவே பண்ணித் தர்றேன்."